நம்பிக் கொடுத்தவர், கை வைத்தவர்: சில சொற்கள், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொருளாளர், அறங்காவலர், காப்பாளர், முகவர், கணக்குப்பிள்ளை. இன்னொருவருடைய பணத்தையோ நிலத்தையோ பிள்ளையையோ தன் பொறுப்பில் வைத்திருப்பவருக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. அந்தப் பொறுப்பில் தவறுகிறவருக்கு அதைவிட அதிகமான பெயர்கள் உண்டு. செய்தி எழுதுபவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் சங்கங்களுக்கு அறிக்கை தயாரிப்பவர்களும் இவற்றில் எதை எங்கே போடுவது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சொல்லைத் தேடும் முன் யார், யாரிடம், எதை ஒப்படைத்தார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மோசடி, நம்பிக்கை மோசடி, கையாடல், துரோகம்: நான்கும் ஒன்றுதானே?

இல்லை. பொருள் கை மாறிய நேரத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். இல்லாத மனைக்குப் பொய்ப் பத்திரம் காட்டிப் பணம் வாங்கினால் அது மோசடி. வாங்கும்போதே மனதில் கள்ளம் இருந்தது. வெளியூர் போகிற பக்கத்து வீட்டுக்காரர் தன் நகையைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுக்கிறார், நீங்களும் நல்ல மனதோடுதான் வாங்குகிறீர்கள், பிறகு அதை விற்றுவிடுகிறீர்கள் என்றால் அது நம்பிக்கை மோசடி. முதலாவதில் நம்பிக்கையே பொய். இரண்டாவதில் நம்பிக்கை உண்மை, அது பின்னால் உடைந்தது.

இந்தியச் சட்டமும் இப்படித்தான் பிரிக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் நம்பிக்கை மோசடிக்கு இலக்கணம் சொன்னது 405-ஆம் பிரிவு. ஏமாற்றிப் பொருள் பறிப்பதற்கு 420. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 316, 318 ஆகிய பிரிவுகளுக்குள் போய்விட்டன. ஒரே செயலை இரண்டு குற்றமாகவும் காட்ட முடியாது, இரண்டும் ஒன்றாக நிற்காது என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் விளக்கியது. புகார் மனுக்களில் இரண்டு பிரிவையும் சேர்த்துப் போடும் பழக்கம் என்னவோ இன்னும் போகவில்லை.

கையாடல் இதைவிடக் குறுகிய சொல். பணம் அல்லது பொருள் இருந்தால்தான் கையாடல். நண்பனின் ரகசியத்தை யாரும் கையாடல் செய்ய முடியாது. துரோகம் எல்லாவற்றையும்விட அகலமானது. அதற்குப் பணமே வேண்டாம், எழுத்தில் ஒப்பந்தமும் வேண்டாம். அதனாலேயே அது வழக்கு மன்றத்தில் அவ்வளவாகப் பயன்படாது.

பதவியில் இருப்பவர் செய்தால் தண்டனை கூடுமா?

கூடும். புதிய சட்டத்தில் சாதாரண ஆள் செய்த நம்பிக்கை மோசடிக்கு 5 ஆண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் இது 3 ஆண்டாக இருந்தது. எழுத்தரோ வேலையாளோ முதலாளியின் பொருளில் கை வைத்தால் 7 ஆண்டு வரை. அரசு ஊழியர், வங்கியாளர், வணிகர், தரகர், முகவர் போன்றவர்கள் செய்தால் ஆயுள் வரை போகலாம், இல்லாவிட்டால் 10 ஆண்டு வரை. எடுத்த தொகை ஒன்றாகவே இருந்தாலும் எடுத்தவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பொறுத்துத் தண்டனை ஏறுகிறது.

‘420’ என்று திட்டுகிறார்களே, அது நம்பிக்கைத் துரோகிக்குப் பொருந்துமா?

மேலே சொன்ன கணக்குப்படி பொருந்தாது. 420 ஏமாற்றுக்காரனுக்கான எண். இப்போது அந்த எண்ணும் இல்லை, 318-இன் நான்காம் உட்பிரிவு ஆகிவிட்டது. ‘அவன் ஒரு 318 உட்பிரிவு நான்கு’ என்று யாரும் திட்டப் போவதில்லை, ஆகையால் 420 இன்னும் பல காலம் இருக்கும்.

கையாளுதல், கையாடுதல்: எழுத்துப் பிழையில் மாறிவிட்டால்?

மானநஷ்ட வழக்கு வரும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ‘நிதியைக் கையாண்ட பொருளாளர்’ என்றால் அவர் தன் வேலையைச் செய்தார். ‘நிதியைக் கையாடிய பொருளாளர்’ என்றால் அவர் திருடினார். நடுவில் இருப்பது ஓரிரண்டு எழுத்துதான். ஓர் ஆண்டறிக்கையில் ‘கையாடிய விதம் பாராட்டுக்குரியது’ என்று அச்சுக்குப் போக இருந்ததை நான் கடைசி நேரத்தில் பிடித்திருக்கிறேன். பாராட்டப்பட்டவருக்கு இன்றுவரை தெரியாது.

இந்தக் ‘கை’ தமிழில் எங்கும் வரும். கை வைத்துவிட்டான், கைக்கு வந்ததைச் சுருட்டினான், கையும் களவுமாகப் பிடிபட்டான், கையூட்டு, கைசுத்தம். ஒப்படைத்தது கையில்தான், தவறு நடந்ததும் கையில்தான் என்பதால் வேறு உறுப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை.

அறங்காவலர், தர்மகர்த்தா, நம்பிக்கைப் பொறுப்பாளர்: எதை எழுதுவது?

யாருக்கு எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் கோயில் என்றால் அறங்காவலர்தான் அரசு வழக்கு. தர்மகர்த்தா பேச்சிலும் பழைய பத்திரங்களிலும் இருக்கிறது. இலங்கையில் சட்டம் சார்ந்த எழுத்தில் நம்பிக்கைப் பொறுப்பாளர் என்பார்கள். எனக்கு இலங்கை வழக்குதான் பிடிக்கும். நம்பிக்கை, பொறுப்பு என்று அந்தப் பதவியின் இரண்டு பாதியையும் அது சொல்லிவிடுகிறது.

அறங்காவலர் என்ற சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. பிள்ளைகளுக்காகவோ பேரன் பேத்திகளுக்காகவோ ஒருவர் சொத்தை ஏற்பாடு செய்து மூன்று பேர் பொறுப்பில் விடுகிறார் என்று வையுங்கள். அங்கே அறம் எதுவும் நடக்கவில்லை, குடும்பக் காரியம் நடக்கிறது. ஆனாலும் ‘குடும்ப அறக்கட்டளை’, ‘அறங்காவலர்’ என்றுதான் எழுதுகிறோம். வேடிக்கை என்னவென்றால், 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்டுகள் சட்டம் இந்த மாதிரித் தனியார் ஏற்பாடுகளுக்குத்தான். தரும, சமயக் கொடைகளுக்கு அது பொருந்தாது என்று அந்தச் சட்டமே முதல் பிரிவில் சொல்கிறது. நாம் தமிழில் அதை ‘அறக்கட்டளைகள் சட்டம்’ ஆக்கிவிட்டோம். தனியார் ஏற்பாட்டுக்குப் ‘பொறுப்பாட்சி’ என்ற சொல்லைச் சிலர் முயன்று பார்த்தார்கள், மக்களிடம் ஒட்டவில்லை. பேச்சில் எல்லாரும் ‘டிரஸ்ட்’, ‘டிரஸ்டி’ என்றே சொல்கிறார்கள். குழப்பம் வரும் இடத்தில் நானும் அதையே எழுதுகிறேன்.

‘கட்டளை’ என்றால் உத்தரவு அல்லவா? அறக்கட்டளையில் அது எப்படி வந்தது?

கோயிலில் இருந்து வந்தது. இன்ன பூசைக்கு இன்ன நிலத்தின் வருமானம் என்று ஒருவர் எழுதி வைத்தால் அந்த ஏற்பாட்டுக்குக் கட்டளை என்று பெயர். அர்த்தசாமக் கட்டளை, அபிஷேகக் கட்டளை என்றெல்லாம் சொல்வார்கள். அதைப் பார்த்துக்கொள்ள மடத்திலிருந்து வருபவர் கட்டளைத் தம்பிரான். கொடுத்தவர் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் சொன்னபடியே நடக்க வேண்டும் என்பதால், உத்தரவு என்ற பொருளும் அதில் கெடாமல்தான் இருக்கிறது.

தர்மகர்த்தா கோயிலுக்குச் சொந்தக்காரரா?

இல்லை. பரம்பரையாக வந்தாலும் இல்லை. கர்த்தா என்றால் செய்பவர். சொத்து தெய்வத்தினுடையது. நீதிமன்றங்கள் தெய்வத்தைச் சட்டப்படியான ஒரு நபராக ஏற்று, அதே சமயம் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத, என்றும் வயது வராத ஒரு பிள்ளையின் இடத்தில் வைத்திருக்கின்றன. அப்படியானால் அறங்காவலர் யார்? மைனர் பிள்ளையின் சொத்துக்குக் காப்பாளர். ‘சிவன் சொத்து குலநாசம்’ என்ற பழமொழியை இந்தக் கோணத்தில் ஒருமுறை படித்துப் பாருங்கள். சாமி கண்ணைக் குத்தும் என்கிற பயத்தைத் தாண்டி, கேட்க வாய் இல்லாதவரின் சொத்தில் கை வைக்காதே என்பதும் அதில் கேட்கிறது.

இதோடு சேர்ந்து வரும் ஒரு பதவிப் பெயர் எனக்கு மிகவும் பிடித்தது. அறங்காவலர் இல்லாத இடத்தில் அறநிலையத் துறை தற்காலிகமாக ஒருவரை அமர்த்தும். அவருக்குத் ‘தக்கார்’ என்று பெயர். வள்ளுவர் ‘தக்கார் தகவிலர்’ என்று எழுதிய அதே சொல். பதவிப் பெயரிலேயே ஒரு நற்சான்றிதழ். அதற்குத் தகுந்தவராக இருப்பது அவரவர் பாடு.

கணக்குக் காட்டாதவரைப் பதவியிலிருந்து விலக்குவது இந்தக் காலத்து ஏற்பாடா?

ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கும் விதிகளை வெட்டி வைத்திருக்கிறார்கள். குடவோலை முறை என்று பள்ளிப் பாடத்தில் எல்லாரும் படித்தது. பாடத்தில் வயதையும் நிலத்தையும் சொல்வார்கள்: 35-க்கு மேல், 70-க்குள், கால் வேலி நிலம். யாரைச் சேர்க்கக் கூடாது என்ற பகுதியை அவ்வளவாகச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் சுவையான பகுதி.

முன்பு ஏதாவது ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவரோடு முடிந்ததா என்றால் இல்லை, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக் கூடாது. தாய் வழி, தந்தை வழி, பெண் கொடுத்த வழி என்று உறவுகளை ஒவ்வொன்றாக எண்ணி எழுதியிருக்கிறார்கள். எந்த ஓட்டை வழியாக ஆள் உள்ளே வருவான் என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி அது. பிறர் பொருளைக் கவர்ந்தவர், கையூட்டு வாங்கியவர் ஆகியோருக்கும் தனியாக விலக்கு உண்டு. கையூட்டு என்ற சொல் அந்தக் கல்லிலேயே இருக்கிறது. ‘லஞ்சம்’ என்பதற்கு மாற்றாகப் புதிதாகச் செய்த தனித்தமிழ்ச் சொல் அது என்று நினைப்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று அங்கே இருந்த ‘வாரியம்’தான் இன்று மின் வாரியத்திலும் வீட்டு வசதி வாரியத்திலும் உட்கார்ந்திருக்கிறது.

துரோகி என்ற சொல் எவ்வளவு பழையது?

வடமொழிச் சொல். ஆனால் தமிழ்க் கல்வெட்டில் வெகு காலமாகப் புழங்குகிறது. காட்டுமன்னார்கோயிலுக்கு அருகே உடையார்குடிக் கல்வெட்டு, முதலாம் இராசராசனின் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்தது. ஆதித்த கரிகாலனைக் ‘கொன்று துரோகிகளான’ சிலரின் பெயரைச் சொல்லி, அவர்களுடைய, அவர்கள் உறவினருடைய சொத்து பறிக்கப்பட்டதைப் பற்றிப் பேசுகிறது. அந்தப் பெயர்களைக் கவனியுங்கள். பஞ்சவன் பிரமாதிராயன், இருமுடிச்சோழ பிரமாதிராயன். பிரமாதிராயன் என்பது அரசு அதிகாரிகளுக்கு மன்னர் தரும் பட்டம். ஆக, வெளியிலிருந்து வந்த பகைவரைச் சொல்லவில்லை. அரசுப் பட்டம் தாங்கியவர்களைச் சொல்கிறது. அதனால்தான் கொலைகாரர் என்று நிறுத்தாமல் துரோகி என்று வெட்டினார்கள் என்று நினைக்கிறேன். சிவத்துரோகி, இராசத்துரோகி என்ற சொற்களும் சோழர் காலக் கல்வெட்டுகளில் உண்டு.

இதே சொல் நம் காலத்தில் வேறு முகம் காட்டியிருக்கிறது. 1970-களில் இருந்து ஈழத்து அரசியலில் ஒருவரைத் துரோகி என்று அழைப்பது வசை என்ற நிலையைத் தாண்டிவிட்டது. யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா 1975-இல் சுட்டுக் கொல்லப்படும் முன்பே மேடைகளில் அந்தப் பெயர் அவருக்குச் சூட்டப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு அந்த ஒரு சொல் எத்தனை பேர் மீது ஒட்டப்பட்டது, அதன் பின் என்ன ஆனது என்பதை அந்தத் தலைமுறை அறியும். யார் யாரை நம்பி எதை ஒப்படைத்தார் என்ற கேள்விக்கு விடை இல்லாமலே அந்தச் சொல்லை வீச முடிந்தது. கருத்து வேறாக இருந்தாலே போதும் என்று ஆகியிருந்தது. நான் இந்தச் சொல்லை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும். தயங்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

ராஜத்துரோகமும் தேசத்துரோகமும் ஒன்றா?

துரோகம் யாருக்கு என்பதில் இருக்கிறது வேறுபாடு. 1908-இல் வ. உ. சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது இந்திய தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவின் கீழ். அந்தக் காலத் தமிழில் அது ராஜத்துரோகம், ராஜநிந்தனை. ராஜா வெள்ளைக்காரன் என்பதால் அந்தப் பெயரில் யாருக்கும் குழப்பம் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் அதே பிரிவு தொடர்ந்தது. ராஜா இல்லாததால் செய்தித்தாள்கள் ‘தேசத்துரோகம்’ என்று எழுதத் தொடங்கின. ஆனால் பிரிவு பேசியது அரசாங்கத்தின் மேல் வெறுப்பைத் தூண்டுவதைப் பற்றி. அரசாங்கமும் தேசமும் ஒன்று என்று அந்த மொழிபெயர்ப்பு சத்தமில்லாமல் சொல்லிவிட்டது. 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை நிறுத்தி வைத்தது, 2024-இல் பழைய சட்டத்தோடு அதுவும் போனது. பழைய வழக்குகளைப் பற்றி எழுதும்போது ‘அரச நிந்தனை’ என்று போடுங்கள்.

எட்டப்பன் என்று எழுதலாமா?

பேச்சில் தடுக்க முடியாது. எழுத்தில் தவிர்க்கச் சொல்வேன். எட்டப்பன் என்பது ஒரு தனி ஆளின் பெயர் அல்ல, எட்டயபுரம் பாளையக்காரர் வம்சத்தின் பட்டப் பெயர். தலைமுறை தலைமுறையாக வந்தது. எட்டயபுரம் 1799-இல் கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், பக்கம் நின்றது உண்மை. ஆனால் கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைத் தொண்டைமானின் எல்லைக்குள். அங்கிருந்துதான் கும்பினியின் கைக்குப் போனார். அந்த ஆண்டு அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள்.

எனக்கு இதில் இன்னொரு உறுத்தல். எட்டயபுரத்துக்கும் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக்கும் வெகு நாளாக எல்லைத் தகராறு. இருவரும் பகையாளிகள். பகையாளி எதிர்ப்பக்கம் சேர்ந்தால் அது பகை. நம்பியிருந்தவன் சேர்ந்தால்தான் துரோகம். 1959-இல் வந்த கட்டபொம்மன் படத்தின் வீச்சில் இந்த நுணுக்கமெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பாரதி பிறந்த ஊரின் அரச குடும்பப் பெயர் திட்டுச் சொல்லாகவே நின்றுவிட்டது.

கருங்காலி?

வேலை நிறுத்தத்தின்போது முதலாளி பக்கம் போய் வேலை செய்பவனுக்குத் தொழிற்சங்கங்கள் வைத்த பெயர். மரத்தை வெட்டும் கோடரிக்குக் காம்பாவதும் ஒரு மரம்தானே, கருங்காலி மரம் உறுதியானது, ஆகவே தன் இனத்தையே வெட்டத் துணை போகிறவன் கருங்காலி என்பது ஒரு விளக்கம். கோடரிக்காம்பு என்ற வசை இதை ஒட்டியது. இன்னொரு பக்கம், ஆங்கிலத்தில் வேலை நிறுத்தத்தை உடைப்பவனைக் ‘கறுப்புக் கால்’ என்று பொருள்படும் ‘பிளாக்லெக்’ என்ற சொல்லால் அழைப்பார்கள். கருங்காலி அதற்கு அப்படியே பொருந்துகிறது. இரண்டும் சேர்ந்துதான் அந்தச் சொல் இவ்வளவு உறுதியாக நின்றிருக்கும் போல.

இப்போது பார்க்கிற கழுத்திலெல்லாம் கருங்காலி மாலை. பழைய தொழிற்சங்கக்காரர் யாராவது இதைப் பார்த்தால் என்ன சொல்வாரோ.

காட்டிக்கொடுப்பதும் முறைகேட்டை வெளியே சொல்வதும் ஒன்றாகிவிடுகிறதே? அலுவலகத் திருட்டை வெளியே சொன்னவரை எப்படிக் குறிப்பிடுவது?

நியாயமான கேள்வி. தமிழ் இங்கே கொஞ்சம் திணறுகிறது. காட்டிக்கொடுத்தவன், போட்டுக்கொடுத்தவன், ஆள்காட்டி: எல்லாமே சொன்னவரைத்தான் குற்றவாளியாக்குகின்றன. ஆள்காட்டி விரலைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. ஆள் நடமாட்டம் கண்டதும் கத்தும் ஆள்காட்டிக் குருவி மீதும் வேட்டைக்காரனைத் தவிர யாருக்கும் கோபம் இல்லை. மனிதனுக்குச் சூட்டினால் மட்டும் வசை. ஈழத்தில் சுற்றிவளைப்புகளின்போது முகமூடி போட்டு உட்கார வைக்கப்பட்டு, ஒவ்வொருவராக நிறுத்தும்போது தலையை அசைத்தவருக்குத் ‘தலையாட்டி’ என்றே பெயர் வந்தது.

நிர்வாகத்துக்குள் நடக்கும் திருட்டை வெளியே கொண்டு வருபவருக்கு ‘விசில்புளோயர்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பெயர்த்து ‘ஊதல்காரர்’ என்று போடாதீர்கள், யாருக்கும் புரியாது. ‘முறைகேட்டை அம்பலப்படுத்தியவர்’ என்பது கொஞ்சம் நீளம், ஆனால் சரியானது. அவர் நம்பிக்கையை உடைத்தாரா என்று கேட்டால், அவரை நம்பி வேலை கொடுத்தது நிறுவனமா, அந்த அறையில் இருந்த நான்கு பேரா என்று பாருங்கள்.

காட்டிக்கொடுத்தல் என்றதும் யூதாசு நினைவுக்கு வருவார். 30 வெள்ளிக்காசு எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்பே அவர் சீடர்களின் பணப்பையை வைத்திருந்தவர், அதில் போட்டதை எடுத்துக்கொண்டவர் என்று யோவான் எழுதியதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதலில் பொருளாளர், அப்புறம்தான் காட்டிக்கொடுத்தவர்.

இரண்டகம் என்றால்?

துரோகம்தான். இரண்டு அகம் என்று பிரித்துச் சொல்வார்கள். ‘உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்காதே’ என்ற வழக்கில் மட்டும் உயிரோடு இருக்கிறது. பேச்சில் ரெண்டகம். நல்ல சொல், இன்னும் கொஞ்சம் பயன்படுத்தலாம்.

நன்றி கெட்டவனும் துரோகியும்?

நன்றி கெட்டவன் பெற்றுக்கொண்டதை மறந்தவன். துரோகி ஒப்படைத்ததை உடைத்தவன். உங்கள் உதவியில் முன்னுக்கு வந்து உங்களைப் பார்த்தும் பார்க்காமல் போகிறவன் முதல் வகை. அவன் மேல் வருத்தம் வரலாம், வழக்குப் போட முடியாது.

பழந்தமிழில் ‘நம்பு’ என்பதற்குப் பொருள் வேறா?

ஆம். தொல்காப்பியத்தின் உரியியல் ‘நம்பும் மேவும் நசையா கும்மே’ என்கிறது. நசை என்றால் விருப்பம். அப்போது நம்புதல் என்பது விரும்புதல். இன்று நாம் சொல்லும் நம்பிக்கைக்குக் குறளில் தேறுதல், தெளிதல் என்ற சொற்கள் வரும். ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்’: ஆராயாமல் நம்புவதும் தொல்லை, நம்பியபின் சந்தேகப்படுவதும் தொல்லை. இதில் வரும் தெளிவு, நம்பிக்கை.

இது எனக்கு அடிக்கடி தோன்றும் ஒன்று: விருப்பத்திலிருந்து வந்த சொல்லை வைத்துக்கொண்டு, ஆராய்ந்து தெளிவதிலிருந்து வந்த சொல்லை நாம் விட்டுவிட்டோம். ஆசைப்பட்டதை நம்புவது எவ்வளவு சுலபம் என்று சீட்டுப் பணம் போட்டு இழந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கங்காணி ஏன் கெட்ட சொல் ஆனது?

கண் காணி. பார்த்துக்கொள்பவர். சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களைக் கண்காணி செய்பவர்கள் மரியாதையான பதவியில் இருந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை, மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப் போனவருக்கும் அதே பெயர். அவர் தன் ஊர்க்காரர், பல நேரம் சொந்தக்காரர். தெரியாத நாட்டுக்குத் தெரிந்த முகத்தை நம்பித்தான் கப்பல் ஏறினார்கள். கடைசியில் வழிச்செலவும் முன்பணமும் கடனாக ஏறி, கங்காணியின் கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். இலங்கையில் ‘துண்டு’ என்று ஒரு சீட்டு இருந்தது. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவிக்கிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுப்பது. கடனோடு சேர்த்து ஆளையே கை மாற்ற அது வழி செய்தது. 1921-இல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள்.

எல்லாக் கங்காணிகளும் கெட்டவர்கள் இல்லை. சொல்தான் மொத்தப் பழியையும் சுமந்துகொண்டது. ‘கண்காணிப்பாளர்’ என்று நீட்டினால் மறுபடி மரியாதை வந்துவிடுகிறது, பாருங்கள்.

‘தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா’ என்பது இதையெல்லாம் நியாயப்படுத்துகிறதா?

சொல்பவர் வாயைப் பொறுத்தது. ‘வேலியே பயிரை மேய்ந்தது’, ‘பூனையைப் பாலுக்குக் காவல் வைத்தாற்போல’ ஆகியவை குற்றம் சாட்டுகின்றன. தேன் பழமொழி தோளைக் குலுக்குகிறது. புறங்கையில் ஒட்டியது கொஞ்சம்தானே என்கிறது. கணக்குக் கேட்கும் கூட்டத்தில் யாராவது இந்தப் பழமொழியைச் சொன்னால், பானையில் எவ்வளவு மிச்சம் என்று உடனே கேளுங்கள்.

ஊழல் என்பதற்குப் பழைய பொருள் என்ன?

அழுகியது என்பது அதன் பழைய பொருள்களில் ஒன்று. அதனால் ஒற்றை ஆள் ஒருமுறை பணத்தை எடுத்ததற்குக் கையாடல் என்று போடுங்கள், அமைப்பே கெட்டுப்போனதற்கு ஊழலை வைத்துக்கொள்ளுங்கள்.

செய்தியில் ‘கையாடல் செய்த பொருளாளர் கைது’ என்று எழுதலாமா?

தீர்ப்பு வரும் முன் கூடாது. ‘கையாடல் செய்ததாகப் புகார், பொருளாளர் கைது’ என்று போடுங்கள். கணக்கில் இடிக்கிற தொகைக்கு ‘குறைவு’ என்று எழுதுங்கள். குறைவு கூட்டல் பிழையாகவும் இருக்கலாம், ரசீது தொலைந்ததாகவும் இருக்கலாம். தணிக்கையாளர் இன்னும் சொல்லாததை நீங்கள் சொல்லிவிட வேண்டாம்.

இதற்கெல்லாம் எதிர்ச்சொல் என்ன? நம்பத் தகுந்தவரை எப்படிச் சொல்வது?

நம்பகமானவர் என்பது கடைச் சரக்குக்குப் போடும் சொல் போலாகிவிட்டது. விசுவாசி என்றால் கிறித்தவ சபையில் ஒரு பொருள், கட்சியில் ஒரு பொருள், நாய்க்கு ஒரு பொருள். கைசுத்தமானவர் நல்ல சொல், ஆனால் பண விஷயத்துக்கு மட்டும்.

நான் கேட்டவரைக்கும் ஊர்ப் பெரியவர்கள் ஒருவரைப் பொருளாளராகப் போடலாம் என்று சொல்லும்போது எடுக்கிற சொல் ‘நாணயமானவர்’. காசுக்கும் அதே பெயர்தான். நா நயம் என்று பிரித்து அழகாக விளக்கம் சொல்வார்கள், அது பின்னால் கட்டியது. நல்ல காசை யார் கையில் கொடுத்தாலும் அதே மதிப்புக்கு எடுத்துக்கொள்வார்கள் அல்லவா, அப்படிப்பட்ட ஆள். ‘வாக்கு நாணயம்’ என்று வாக்குக்கும் அதைச் சேர்த்துச் சொல்வதுண்டு.